'ரன்' (run) என்ற ஆங்கிலச் சொல் உங்களை எங்கே கவிழ்த்தது?

சுங்குடிப் பிரியை:
லண்டன் வந்து மூன்றாவது மாதம். காசு போட்டுத் துவைக்கும் கடையில், அம்மா கொடுத்தனுப்பிய சிவப்புச் சுங்குடிப் புடவையை மெஷினுக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி தலைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தட் வில் ரன், லவ்" என்றார். செருப்புக் கடையில் "ரெண்டு வருஷம் ஓடும்மா" என்பார்களே, அந்த ஓட்டம் என்று எடுத்துக்கொண்டேன். பெருமையாக "தேங்க்யூ" சொல்லி, மகனுடைய வெள்ளை யூனிஃபார்ம் சட்டை மூன்றையும் கூடவே போட்டேன். பாட்டி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! கண்ணாடிக் கதவுக்குள் நுரை ரோஸ் கலரில் சுற்ற ஆரம்பித்தபோதுதான் உறைத்தது. சாயம் போகும் என்றிருக்கிறார்.

இரவு ஷிப்ட்:
அக்கா, உங்களுக்குச் சட்டை, எனக்கு டேட்டாபேஸ். அமெரிக்க மேனேஜர் போனில், "ரன் தட் ஸ்கிரிப்ட் பை மீ பிஃபோர் ஃப்ரைடே" என்றார். லைன் ஒரே கரகரப்பு. ரன், ஸ்கிரிப்ட், ஃப்ரைடே மூன்றும்தான் காதில் விழுந்தன. வியாழன் இரவே ஓட்டிவிட்டேன், நிஜ டேட்டா இருக்கும் புரொடக்‌ஷனில். அவர் கேட்டது, 'ஓட்டுவதற்கு முன் என்னிடம் ஒருமுறை காட்டு' என்று. விடிகாலை 4 மணிக்கு அவரிடமிருந்து ஒற்றைக் கேள்விக்குறி மட்டும் மெசேஜாக வந்தது. இன்னும் அதை அழிக்கவில்லை.

வாத்தியார்62:
தம்பி, 'ரன்' மேல் பழி போடாதீர்கள். 'பை'யைக் கோட்டை விட்டது நீங்கள். என் கதை சின்னது: டாக்டர் "ரன்னிங் எ டெம்பரேச்சர்?" என்றார், "நோ சார், வாக்கிங் ஒன்லி" என்றேன். அது கிடக்கட்டும், இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இந்த ஒரு வினைக்கு 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இதற்கே ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார். மனப்பாடம் செய்து மாளாது. ஓடுவது எது என்று பாருங்கள். மூக்கு என்றால் ஒழுகுவது, துணி என்றால் சாயம், கடை என்றால் நடத்துவது. தேர்தல் என்றால் அமெரிக்கர் ஓடுவார், பிரிட்டிஷ்காரர் நம்மைப் போல நிற்பார். ஒட்டிவரும் சொல்லையும் சேர்த்தே நோட்டில் எழுதுங்கள். 'அவுட் ஆஃப்' வந்தால் தீர்ந்துபோவது, 'இன்டு' வந்தால் தற்செயலாகச் சந்திப்பது, 'ஓவர்' வந்தால் வண்டியை ஏற்றுவது. தினம் ஐந்து எழுதினால் போதும். நோட்டு முக்கியம், போனில் எழுதாதீர்கள்.

ஓரமாய் ஒருவன்:
'செட்'தானே முதலிடம்? 1989 பதிப்பில் அதற்கு 430 பொருள் என்று படித்திருக்கிறேன்.

வாத்தியார்62:
அது இரண்டாம் பதிப்புக் கணக்கு. அப்புறம் திருத்தியபோது 'ரன்' முந்திவிட்டது.

இரவு ஷிப்ட்:
சார், லைன் கரகரப்பு என்று எழுதியிருந்தேனே, படித்தீர்களா? நம்ம 'ஓடு' மட்டும் என்னவாம்? படம் ஓடுது, கடை ஓடுது, பொழுது ஓடுது. அன்னிக்கு ராத்திரி எனக்கு ஒண்ணுமே ஓடலை.

சுங்குடிப் பிரியை:
சண்டை வேண்டாம். பையன் ஒரு வாரம் ரோஸ் சட்டையில்தான் பள்ளிக்கூடம் போனான். அந்தப் பாட்டியை மறுபடி அதே கடையில் பார்த்தேன். "ஹலோ" சொல்வதற்கு முன்னால் என் துணிப் பையைத்தான் எட்டிப் பார்த்தார்.