குடியரசா, பொதுவரசா? (கலைச்சொல் உதவி, திங்கட்கிழமைக்குள்)

அஸ்தம்பட்டியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழியில் அரசறிவியல் படிக்கும் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஒரு பத்தியில் மாட்டிக்கொண்டேன். 1787இல் அமெரிக்க அரசமைப்புக்கு ஆதரவு திரட்டி எழுதிய ஜேம்ஸ் மேடிசன், டெமாக்ரசி வேறு, ரிபப்ளிக் வேறு என்று பிரித்தார். குடிமக்கள் தாங்களே கூடி ஆள்வது முன்னது. தேர்ந்தெடுத்த சிலரிடம் ஆட்சியை ஒப்படைப்பது பின்னது. இதை "மக்களாட்சி, குடியரசு" என்று வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "குடி என்றாலும் மக்கள்தானே அம்மா? இரண்டும் ஒன்றுதானே?" என்றாள். பதில் தெரியாமல் இல்லை. சொல்லச் சொல் இல்லை. பின்னதற்கு ஒரு நல்ல சொல் தாருங்கள்.

ஆத்தூரிலிருந்து:

அம்மா, மாணவி சரியாகவே கேட்டிருக்கிறாள். கோளாறு குடியரசு என்ற சொல்லில்தான். "படைகுடி கூழ்அமைச்சு நட்பரண் ஆறும் உடையான் அரசருள் ஏறு" என்கிறது குறள். அங்கே குடி உடைமை, அரசன் உடையவன். உடைமையின் பெயரை எடுத்து, அரசனே இல்லாத ஆட்சிக்குச் சூட்டிவிட்டோம். இலத்தீன் மூலத்தைப் பாருங்கள்: ரெஸ் என்றால் பொருள், பப்ளிகா என்றால் பொதுவானது. ஆகவே பொதுவரசு என்பதே நேரான சொல். ஊர் மன்றத்துக்குப் பொதுவில், பொதியில் என்றெல்லாம் பெயருண்டு. தில்லை அம்பலமும் பொது. புறநானூற்றில் கபிலர் பாடும் சேரன் "போகம் வேண்டிப் பொதுச்சொல் பொறாஅது" நிற்கிறான். வேந்தன் பொறுக்காத சொல்லைவிட முடியில்லா அரசுக்குப் பொருத்தமான சொல் வேறென்ன வேண்டும்? நம் சேர்வராயன் மலையின் பெயரிலும் சேரன் இருக்கிறான் என்பது என் நெடுநாள் கருத்து. அதைத் தனியே எழுதுகிறேன்.

சூரமங்கலத்திலிருந்து:

சேரனை மலையிலேயே விட்டுவிடுங்கள் ஐயா. அந்த வரி உங்களுக்கே எதிர்ச்சாட்சி. நிலம் மற்ற வேந்தருக்கும் பொது என்ற பேச்சைத்தான் அவன் பொறுக்கவில்லை. மக்களுக்குப் பொது என்று அவனிடம் யாரும் சொல்லவே இல்லை.

வேரைப் பிடித்துக்கொண்டு சொல்லை மிரட்ட முடியாது. குறளின் சூது அதிகாரத்தில் கழகம் என்பது சூதாடும் இடம். 1944இல் நம் சேலத்து மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆயிற்று. பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகளும் பகடையை எடுத்துக்கொண்டு போவதில்லை. 1925இலேயே பெரியார் ஈரோட்டில் தொடங்கிய வார இதழுக்குக் குடிஅரசு என்று பெயர். இன்று குடியரசுத் தலைவர் இருக்கிறார், குடியரசு தினம் இருக்கிறது. இவற்றையெல்லாம் திங்கட்கிழமைக்குள் மாற்றுவீர்களா?

அம்மா, உங்கள் சிக்கல் வேறு. ரிபப்ளிக் என்ற ஒரே சொல்லுக்கு எதிரே இரண்டு சொற்கள் நிற்கின்றன. நமக்கு எதிர்ச்சொல் முடியாட்சி. மேடிசனுக்கு எதிர்ச்சொல் நேரடி மக்களாட்சி. முதல் பொருளுக்குச் சேலத்திலேயே சாட்சி இருக்கிறது. 1917இல் இங்கே நகராட்சித் தலைவரான இராஜாஜி, 1948இல் கவர்னர் ஜெனரல் ஆனார். நாடு விடுதலை பெற்றுவிட்டது, நேருவின் அமைச்சரவை ஆண்டுகொண்டிருந்தது. ஆனாலும் அவர் வகித்தது ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பேரால் அமைந்த பதவி. 1950 ஜனவரி 26 அன்று அந்தப் பதவியே ஒழிந்தது. குடியரசு என்பது இதைத்தான் குறிக்கிறது. அதே அரசமைப்பு வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை தந்ததே, அது மக்களாட்சிக் கணக்கில் சேரும். பிரிட்டனில் மக்களாட்சி உண்டு, குடியரசு இல்லை. வட கொரியா இரண்டையும் பெயரில் வைத்திருக்கிறது. மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் ஆள்கிறது.

ஏற்காட்டிலிருந்து:

மழையில் மின்சாரம் போய்விட்டது. இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். ஜனவரி 26 அன்று எங்கள் ஊராட்சிகளில் கிராமசபை கூடும். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் உறுப்பினர். நடுவில் ஆள் கிடையாது. மேடிசன் கணக்குப்படி அதுதான் டெமாக்ரசி. ஆக, குடியரசு தினத்தன்று அவர் பார்வையில் குடியரசு அல்லாத ஒன்றை நடத்திக்கொண்டிருக்கிறோம்! இந்த எடுத்துக்காட்டையே வகுப்பில் சொல்லுங்கள் அம்மா. சொல் எதுவானாலும் சரி, பிரதிநிதி என்பது அதில் இருக்கட்டும். அது கிராமசபைக்கு வருகிற பாட்டிக்கும் தெரியும்.

ஆத்தூரிலிருந்து:

பிரதிநிதி வடசொல். மேடிசனுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை இட்டு வாரியப் பெருமக்களைத் தேர்ந்தார்கள். அதிலிருந்து வாரியாட்சி என்று ஆக்கினால் என்ன?

அஸ்தம்பட்டியிலிருந்து:

ஐயா, வாரியம் என்றால் என் மாணவர்களுக்கு மின்வாரியம்தான் நினைவுக்கு வரும்.

சூரமங்கலத்திலிருந்து:

உத்திரமேரூரில் ஓலையில் பெயர் ஏறவே முப்பத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிரமதேயத்துச் சபை, அதாவது அந்தணருக்குத் தானமாகத் தந்த ஊரின் சபை; மேலே பராந்தகச் சோழன். முடியும் இருந்தது, பெரும்பாலோருக்கு ஓலையும் இல்லை. அதை மக்களாட்சியின் தாய் என்று மேடையில் பேசலாம், பாடக்குறிப்பில் எழுத வேண்டாம். வடசொல் பற்றி ஒன்று: 1916இல் இராஜாஜி சேலத்தில் கலைச்சொற்களுக்கென்றே தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே பரிபாஷை இருந்தது. ஊர் இடிந்துவிடவில்லை.

ஆத்தூரிலிருந்து:

அந்தப் பரிபாஷையை இன்று யார் சொல்கிறார்கள்? கலைச்சொல் என்றுதானே நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து:

இதற்குமேல் காத்திருக்க முடியாது. பெரும்பாலோர் சொன்னபடி குடியரசு அப்படியே இருக்கும். மேடிசன் பத்தியில் மட்டும் "பேராளர் குடியரசு" என்றும், அடுத்த வரியில் "தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வழியே ஆளும் அரசு" என்றும் எழுதிவிட்டேன். அமெரிக்க அரசமைப்பின் நான்காம் பிரிவு ஒவ்வொரு மாநிலத்துக்கும் குடியரசு வடிவிலான அரசை உறுதி செய்கிறது, டெமாக்ரசி என்ற சொல் அந்த ஆவணத்தில் எங்குமே இல்லை என்பதையும் சேர்த்திருக்கிறேன். அதனால் அங்கே மக்களாட்சி இல்லை என்று ஆகிவிடாது என்று கீழே ஒரு வரி. கிராமசபை எடுத்துக்காட்டுக்கு ஏற்காட்டுத் தம்பிக்கு நன்றி.

ஆத்தூரிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பேராளர் என்பதில் பேர் என்பது பெயரா, பெருமையா? பெயர் என்றால் பிறர் பெயரால் வந்தவர். பெருமை என்றால் பெரிய ஆள். தேர்தல் வரைக்கும் முதல் பொருள், அதற்குப் பிறகு இரண்டாவது. என் பிரதியில் பொதுவரசு என்று திருத்திக்கொள்வேன். அடுத்து, அம்மா எழுதியிருப்பது அரசமைப்பு. அரசியலமைப்பு என்பதே பெருவழக்கு. இதை யாரும் கவனிக்கவில்லையா?

சூரமங்கலத்திலிருந்து:

கவனித்தோம் ஐயா. தலைப்பை மாற்றித் தனி இழையாகத் தொடங்குங்கள்.