பெருங்குடியில் அக்கவுன்ட்ஸ் பேயபிள் இன்டர்வியூ: டாலி மட்டும் தெரிந்தால் தேறுமா?

அம்பத்தூர் பேரேடு:
எல்லாருக்கும் வணக்கம். பி.காம்., டாலி என்ற கணக்கு மென்பொருளில் மூன்று வருட அனுபவம், சின்ன கம்பெனி. வியாழக்கிழமை பெருங்குடியில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் அக்கவுன்ட்ஸ் பேயபிள் (சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணம் தரும்) வேலைக்கு இன்டர்வியூ. எஸ்.ஏ.பி. (பெரிய கம்பெனிகளின் கணக்கு மென்பொருள்) தொட்டதே இல்லை. எதைப் பார்த்துவிட்டுப் போகலாம்? சி.டி.சி. (எனக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) வருடம் 6 லட்சம் என்கிறார்கள், கைக்கு எவ்வளவு வரும்? இப்போதைய இடத்தில் நோட்டீஸ் 90 நாள்.

கணக்குப்பிள்ளை:
எஸ்.ஏ.பி. தெரியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள் சகோ. யூடியூப் பார்த்து டி-கோடு (எஸ்.ஏ.பி.யில் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள கட்டளைக் குறியீடு) மனப்பாடம் செய்து போனால், "எஃப்.பி.60 எப்போது, மிரோ எப்போது?" என்ற ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். (பர்ச்சேஸ் ஆர்டர் இல்லாத பில்லுக்கு முன்னது, இருந்தால் பின்னது. அவ்வளவுதான்.)

அவர்கள் நோண்டுவது த்ரீ-வே மேட்ச். ஆர்டர், ஜி.ஆர்.என். (சரக்கு வந்ததற்கான பதிவு), இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கேள்வி இப்படி வரும்: ஆர்டர் 100 பெட்டி, ஜி.ஆர்.என். 90, பில் 100-க்கு. என்ன செய்வீர்கள்? "90-க்குப் பணம் போட்டுவிடுவேன்" என்று முடித்தால் போச்சு. சரக்கே குறைவா, கோடவுனில் என்ட்ரி விட்டுப்போனதா என்று முதலில் ஸ்டோர்ஸைக் கேட்க வேண்டும். குறைவுதான் என்றால் பில்லை பிளாக் செய்து (பணம் போகாமல் நிறுத்தி), சப்ளையரிடம் 10 பெட்டிக்கு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) கேட்க வேண்டும். ஏனென்றால் அவர் ஜி.எஸ்.டி.ஆர்.-1-ல் (விற்பனைக்கான ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்) 100-க்கு ஏற்றியிருப்பார். சும்மா கழித்துக் கொடுத்தால் இரண்டு பக்கக் கணக்கும் ஒட்டாது.

அடுத்த கொக்கி: எவ்வளவு நாள் பிளாக்கிலேயே வைப்பீர்கள்? பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், எடுத்த இன்புட் கிரெடிட்டை (வாங்கியதில் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்வது) வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்தபின் கிரெடிட்டை மறுபடி எடுக்கலாம். இதைக் கேட்காமலே சொன்னால் டாலி ஆள் என்ற எண்ணமே போய்விடும்.

ஓ.எம்.ஆர். வாசி:
சம்பளத்துக்கு வருகிறேன். 6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 50,000 என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) பாதி, 25,000 என்று வைப்போம். கம்பெனி பங்கு பி.எஃப். 12%, அதாவது 3,000. கிராஜுவிட்டி 4.81%, சுமார் 1,200. உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 3,000. மிச்சம் 42,800. சி.டி.சி.யில் 10% வேரியபிள் (செயல்பாட்டைப் பொறுத்துத் தருவது) என்றால் மாதம் 37,800தான், தொழில் வரியும் இன்ஷூரன்ஸும் இன்னும் கழிக்கவில்லை. சில இடங்களில் பி.எஃப்.பை 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டு 1,800 பிடிப்பார்கள், கை சம்பளம் கூடும். அதனால் எச்.ஆரிடம் மொத்தத் தொகையோடு நிறுத்தாமல் ஃபிக்ஸட் எவ்வளவு, பி.எஃப். எதன் மேல் என்று கேளுங்கள்.

நோட்டீஸை 30 நாள் என்று ஆசைக்குச் சொல்ல வேண்டாம். மீதி நாளுக்குப் பணம் கட்டி விலக முடியுமா, அந்தப் பணம் பேசிக்கிலா, கிராஸிலா (மொத்தச் சம்பளத்திலா) என்று உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலேயே பாருங்கள். ரிலீவிங் லெட்டரும் யு.ஏ.என்.னில் (பி.எஃப். உறுப்பினர் எண்) உள்ள சேர்ந்த, விலகிய தேதிகளும் ரெஸ்யூமேயோடு பொருந்தாவிட்டால் வெரிஃபிகேஷனில் இழுக்கும்.

அம்பத்தூர் பேரேடு:
நன்றி. மீதி 10 பெட்டி அடுத்த வாரம் வந்தால்?

கணக்குப்பிள்ளை:
ஜி.ஆர்.என். போட்டு பிளாக்கை எடுத்தால் போதும், கிரெடிட் நோட் வேண்டாம். ஒரே பில்லுக்குச் சரக்கு தவணையாக வந்தால், இன்புட் கிரெடிட் கடைசித் தவணை வந்த பிறகுதான். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.