கம்பி வேலி போடும் தொழிலுக்கு வர விரும்புகிறேன், எங்கே தொடங்குவது?

வேடசந்தூர் இளைஞன்:
வணக்கம். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு முடித்துவிட்டு நூற்பாலையில் இரவுப் பணி பார்க்கிறேன். எங்கள் பக்கம் நிலம் வாங்குகிறவர்கள் முதல் வேலையாக வேலிதான் போடுகிறார்கள். ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள். நானே கருவிகள் வாங்கி ஒப்பந்தம் எடுக்கலாமா, யாரிடமாவது வேலைக்குச் சேர வேண்டுமா? சோலார் மின்வேலி கற்றால் நல்ல வருமானம் என்கிறார்கள். விவரம் தெரிந்த அண்ணன்மார் வழி சொல்லுங்கள்.

தாராபுரம் வேலிக்காரர்:
தம்பி, தாராபுரம், காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் கல்லுக்கால் நட்டு வேலி போடுகிறேன். முதலில் ஒரு குழுவில் சேருங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமுமாவது கூட இருங்கள். கோடையில் நட்ட கால் மழை கழிந்து எப்படி நிற்கிறது என்று பார்த்தால்தான் மண் பிடிபடும். செம்மண்ணில் ஒன்றரை அடிக் குழி போதும். கரிசல் ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடித்து, காலை ஆட்டிவிடும். அங்கே இரண்டடிக்குக் குறையக் கூடாது. அடியில் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல் தட்டுப்படும் நிலம் என்றால் குழிக்குத் தனிக் கூலி பேசிக்கொண்டு இறங்குங்கள்.

இந்தத் தொழிலின் உயிர் மூலைக்கால்தான். கம்பியின் இழுவை முழுவதும் அதன் தலையில் இறங்குகிறது. நடுவில் ஏழடிக் கல் நட்டால், மூலைக்கு எட்டடிக் கல் எடுத்து இரண்டரை அடி ஆழத்தில் இறக்குவேன். வேலி ஓடும் இரு திசையிலும் ஒவ்வொரு முட்டுக்கால் சாய்த்துக் கொடுப்பேன். முட்டுக்காலை வெறும் மண்ணில் ஊன்றினால் கம்பியை முறுக்க முறுக்கப் புதைந்துகொண்டே போகும். அடியில் ஒரு பலகைக்கல்லைப் போட்டு, அதன்மேல் நிறுத்திக் கான்கிரீட் கொட்ட வேண்டும். பிறகு ஒரு வாரம் தண்ணீர் விட்டுக் காத்திருங்கள். "நாளைக்கே கம்பியை இழுத்துவிடுங்கள்" என்று நிலத்துக்காரர் அவசரப்படுத்துவார். அவரை உட்காரவைத்துப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். ஈரம் காயாத காலில் இழுத்த வேலி அடுத்த ஆடிக் காற்றுக்குத் தொய்ந்துவிடும்.

வலை வேலியில் உங்கள் கைப்பழக்கம் இணைப்பில் தெரியும். ஒரு சுருள் முடிந்து அடுத்த சுருள் தொடங்கும் இடத்தில் பலர் கட்டுக்கம்பியால் சுற்றிவிட்டுப் போகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கடைசிக் கம்பி ஒன்றைத் திருகித் திருகி உருவி எடுங்கள். இரண்டு விளிம்பையும் கண்ணுக்குக் கண் சேர்த்துப் பிடித்து, அதே கம்பியை மேலிருந்து திருகி இறக்குங்கள். ஜடை பின்னியது போல ஒட்டிவிடும், எங்கே சேர்த்தோம் என்று தேடினாலும் கிடைக்காது.

விலையை ஏக்கர் கணக்கில் சொல்லாதீர்கள். சதுரமான ஓர் ஏக்கரின் சுற்றளவு ஏறக்குறைய 835 அடி. அதே ஏக்கர் 100 அடி அகலத்தில் நீளமாகக் கிடந்தால் 1,070 அடியைத் தாண்டும். பத்தடிக்கு ஒரு கால் வைத்தால் 84 கால் எங்கே, 107 கால் எங்கே! நடந்து அளந்து, அடிக்கு இவ்வளவு என்று பேசுங்கள்.

எல்லைக்கல்லைப் பார்க்காமல் நூல் கட்டாதீர்கள். பங்காளித் தகராறு இருந்தால், சர்வேயர் புலப்படத்தோடு (நில அளவை வரைபடம்) வந்து அளந்து, பக்கத்து நிலத்துக்காரரும் நேரில் நின்ற பிறகுதான் கடப்பாரையை எடுக்க வேண்டும்.

மின்வேலி பற்றிக் கேட்டீர்கள். சோலார் வேலியில் உள்ள பெட்டி, வினாடிக்கு ஒரு முறை என்ற அளவில் மிகக் குறுகிய அதிர்வாகத்தான் மின்சாரத்தை அனுப்பும். தொட்ட மாடு மிரண்டு விலகிவிடும். மின்கம்பத்திலிருந்து நேராகக் கம்பியில் விடும் மின்சாரம் உயிரைக் குடித்துவிடும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. குட்டிகள் இரண்டு தாயை விட்டுப் போகாமல் அங்கேயே சுற்றின. அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மின்வேலிகளுக்கு அரசு அதே ஆண்டு தனி விதிகள் கொண்டுவந்தது. வனத்தை ஒட்டிய ஊர்களில் வனத்துறையிடம் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். "ராத்திரி மட்டும் கரண்டு விட்டுக்கொள்கிறேன்" என்று எவர் கேட்டாலும், எவ்வளவு கொடுத்தாலும், அந்த வேலை நமக்கு வேண்டாம் தம்பி.

ஒட்டன்சத்திரம் முருங்கைத் தோட்டம்:
வேலி போட்டுக்கொண்டவள் என்ற முறையில் நானும் ஒன்று சொல்கிறேன். முதல் முறை வந்தவர் 12 கேஜ் என்று பேசிவிட்டு 14 கேஜ் கம்பியைக் கட்டிவிட்டுப் போனார். எண் கூடினால் கம்பி மெலியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சில வருடங்களில் துருப்பிடித்து அறுந்து, ஆடு உள்ளே வந்தது. இரண்டாம் முறை வந்தவர் கம்பியை என் முன்னால் அளந்து காட்டி, எடை போட்டு இறக்கினார். இன்று என் உறவினர் எல்லாருக்கும் அவரைத்தான் சொல்கிறேன். இன்னொன்று தம்பி, ஓரத்தில் கிளுவைச் செடி வளர்த்த பழைய உயிர்வேலி இருந்தால் பொக்லைன் விட்டுத் தள்ளிவிடாதீர்கள். அதற்கு உள்பக்கமாகக் கம்பியைப் போடுங்கள். குருவி கூடு கட்டும், ஆட்டுக்குத் தழை கிடைக்கும்.

வேடசந்தூர் இளைஞன்:
அண்ணா, அக்கா, மிக்க நன்றி. குழுவிலேயே சேர்கிறேன். வெல்டிங் தெரிந்தது பயன்படுமா? முதல் நாள் என்ன கொண்டு போக வேண்டும்?

தாராபுரம் வேலிக்காரர்:
நிச்சயம் பயன்படும். கேட் செய்யத் தெரிந்த ஆள் எங்கள் குழுக்களில் குறைவு. துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைக்கும் முன் அந்த இடத்துப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். முதல் நாளுக்குத் தோல் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கனமான காலணி போதும். கடப்பாரையும் குறடும் அங்கேயே இருக்கும். ஏழடிக் கல் ஒன்று 90 கிலோ வரை வரும், தனியாகத் தூக்காதீர்கள். முள்கம்பியை முறுக்கும்போது கம்பியின் நேர்க்கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். அறுந்தால் சுருண்டு முகத்துக்கு வரும். பழனி பக்கம் எனக்குத் தெரிந்த குழு ஒன்று இருக்கிறது. தனிச்செய்தி அனுப்புங்கள், பேசிவிடுகிறேன்.