முழங்கால் சிராய்ப்புக்கு எந்த மருந்து கட்டுப்படியாகும்?

கரிசல்மண்:
என் மகன் வாரத்துக்கு ஒருமுறையாவது சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வருகிறான். நேற்று மருந்துக்கடையில் பாவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினிக் களிம்பு கேட்டேன். கடைக்காரர் இரண்டு டியூப்களை எடுத்து வைத்தார். இரண்டும் 5 சதவீதம், இரண்டும் 20 கிராம். விளம்பரத்தில் வரும் பெயர் போட்டதற்கு மட்டும் ஏறக்குறைய இரு மடங்கு விலை! மலிவானதையே வாங்கி வந்தேன். பெயருக்குப் பணம் கொடுப்பது வீண்.

பவானிக்கரை:
குழந்தையின் காயத்திலா தம்பி கணக்குப் பார்ப்பது? எங்கள் வீட்டில் முப்பது வருடமாக டெட்டால்தான். அந்த வாசனை வந்தாலே எனக்கு நிம்மதி. முன்பின் கேள்விப்படாத கம்பெனியை எதை நம்பி வாங்குவது?

கரிசல்மண்:
அட்டையை நம்பித்தான் அக்கா. மருந்தின் பெயர், சதவீதம், உரிம எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கின்றன. பாவிடோன் அயோடின் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளது. டெட்டாலில் இருப்பது 4.8 சதவீதம் குளோரோசைலினால். அது வேறு மருந்து. இரண்டையும் விலையை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.

பவானிக்கரை:
சரி, உங்கள் கணக்குக்கே வருகிறேன். காயம் கழுவ ஒரு பங்கு டெட்டாலுக்கு இருபது பங்கு தண்ணீர். ஒரு தடவைக்கு 5 மி.லி. என்றால் 100 மி.லி. பாட்டில் இருபது தடவைக்கு வரும். உங்கள் 20 கிராம் டியூப் இரண்டு முழங்காலுக்கும் தடவினால் எத்தனை நாள் தாங்கும்? பாட்டிலின் விலையைப் பார்த்து மலைக்கிறீர்கள், ஒரு தடவைக்கு என்ன செலவு என்று பார்க்கவில்லை.

கரிசல்மண்:
இந்தக் கணக்கை நான் போடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எத்தனை வீட்டில் அளந்து கலக்கிறார்கள்? என் பெரியம்மா மூடியைத் திறந்து அப்படியே காயத்தில் ஊற்றுவார். ஒருமுறை என் கணுக்காலில் தோல் வெந்து, சிராய்ப்பைவிடப் பெரிய புண்ணாகிவிட்டது. அந்தச் செலவு உங்கள் கணக்கில் வருமா?

வார்டு_எண்_7:
அறுவைச் சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கிறேன். இருவருமே தண்ணீரை மறந்துவிட்டீர்கள். சாதாரணச் சிராய்ப்புக்கு முதல் மருந்து சுத்தமான குழாய்த் தண்ணீர்தான். மண்ணும் கல்லும் போகும்வரை ஓடும் நீரில் காட்டுங்கள். மண்ணை உள்ளே வைத்துக்கொண்டு மேலே எதைத் தடவினாலும் காசு கரியாகும். குளோர்ஹெக்சிடின், செட்ரிமைடு என்ற இரண்டு கிருமிநாசினிகள் கலந்த திரவம் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்: சோப்பு போட்டுவிட்டுச் சரியாக அலசாமல் அதை ஊற்றினால், மிஞ்சிய சோப்பு மருந்தின் வீரியத்தைக் கெடுத்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு மலிவுதான், நுரைக்கவும் செய்யும். ஆனால் ஆறிவரும் சதையையும் சேர்த்து அரிக்கும். தினமும் ஊற்றாதீர்கள்.

பவானிக்கரை:
பக்கத்துத் தெருவில் நாய்த்தொல்லை. கடித்தால் டெட்டால் ஊற்றிக் கட்டுப்போடலாம் என்றுதான் இருந்தேன். அது போதாதா அம்மா?

வார்டு_எண்_7:
போதவே போதாது. கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு பாவிடோன் அயோடின் போடலாம், விலை குறைந்த டியூப்பே போதும். கட்டுப்போட வேண்டாம். அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம்.