மவுத் ஓர்கனில் சில சுரங்கள் வரவில்லை, வேறு வாங்க வேண்டுமா? அவசரம்

கொக்குவிலான்:
வணக்கம். மாமா அனுப்பிய மவுத் ஓர்கனில் சில சுரங்கள் வரவே இல்லை. அக்காவின் முன்பள்ளியில் 14ஆம் திகதி ஒளிவிழா. பிள்ளைகள் பாடும் பாட்டுக்கு நான் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்பாவின் பழையதில் இதே பாட்டு நன்றாக வரும். இது பழுதா? திருத்தலாமா, வேறு வாங்கவா? வாங்குவதென்றால் எது நல்லது? மவுத் ஓர்கனைப் பிடித்துக்கொள்ளக் கழுத்தில் மாட்டும் கம்பியும் வேண்டும், கிற்றாரும் நான்தான். விரைவாகச் சொல்லுங்கள்.

தென்மராட்சி:
எத்தனை துளை? என்ன பெயர் போட்டிருக்கிறது? எந்தச் சுருதி? வராத சுரங்கள் எவை? இவற்றைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது தம்பி. நல்லூர்த் திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கு விற்பதும் மவுத் ஓர்கன்தான், மேடையில் வாசிப்பதும் மவுத் ஓர்கன்தான்.

மானிப்பாயன்:
உள்ளே தூசி அடைத்திருக்கும். எங்கள் வீட்டில் ஒன்று இப்படித்தான் இருந்தது. இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள், ரீட் இளகிவிடும்.

கரையோரக் காற்று:
தயவுசெய்து எண்ணெய் விடாதீர்கள்! ரீட் என்பது ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட மெல்லிய பித்தளைத் தகடு. தன் அளவுக்கு வெட்டிய இடுக்குக்குள் மயிரிழை இடைவெளியில் அது அதிர வேண்டும். எண்ணெய் பட்டால் பாரம் கூடி சுருதி இறங்கும், பிறகு தூசியும் வந்து ஒட்டும். மண்ணெண்ணெயும் வேண்டாம், யாராவது சொல்வதற்கு முதல் நானே சொல்லிவிடுகிறேன். கொக்குவிலான், துளை எத்தனை என்று மட்டும் முதலில் சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி:
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. பழையவற்றை வாசித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. இருபது வருடமாக வாசிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பக்கத்தில் பொத்தான் வைத்த குரோமற்றிக் இல்லாமல் இசை என்று ஒன்று இல்லை. 16 துளை, 64 ரீட், நான்கு ஸ்தாயி. மற்றவை எல்லாம் பயணத்தில் பேருந்துக்குள் ஊதுவதற்கு. பாட்டு வாசிக்க ஆசை என்றால் ஒழுங்கான கருவி வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்தப் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள்.

தென்மராட்சி:
ஐயா, பையனுக்கு 14ஆம் திகதி ஒளிவிழா. அதற்குள் குரோமற்றிக் வாங்கிப் பழகவும் வேண்டுமா?

ஸ்காபரோ வாசி:
நான் இங்கே பத்துத் துளை வாசிக்கிறேன். ஹோனர் ஸ்பெஷல் 20 அல்லது லீ ஒஸ்கார் வாங்கினால் தொடங்குபவருக்கும் காணும், பத்து வருடம் வாசித்தவருக்கும் காணும். இரண்டிலும் சீப்பு, அதாவது துளைகள் உள்ள நடுப்பாகம், பிளாஸ்ரிக், வாய்க்கு வழவழப்பு. லீ ஒஸ்காரில் ரீட் தட்டைத் தனியாக வாங்கி மாற்றலாம், அதை யப்பானில் ரொம்போ நிறுவனம் செய்கிறது. காசு குறைவென்றால் சீனத்து ஈஸ்ட்டொப்பும் மோசமில்லை. மாமா எங்கே இருக்கிறார்? கனடா என்றால் இங்கே வாங்கி அனுப்பச் சொல்வது சுகம்.

மானிப்பாயன்:
எண்ணெய் வேண்டாம் என்றால் சரி. ஆனால் கடல் காற்று பித்தளையைத் தின்னும், அதில் சந்தேகம் இல்லை. பாசையூர், குருநகர்ப் பக்கம் எத்தனை கிற்றார்க் கம்பி கறுத்துப்போனது என்று பாருங்கள்.

கரையோரக் காற்று:
நான் பாசையூர்தான் அண்ணா. பித்தளை கறுக்கும், ஆனால் கறுத்ததால் சத்தம் நிற்பதில்லை. ரீட் சாவது பெரும்பாலும் பலமாக ஊதுவதால். ஒரே இடத்தில் வளைந்து வளைந்து உலோகம் களைத்து வெடிக்கும். அதற்கு முதல் அந்தச் சுரம் மட்டும் சுருதி இறங்கிக் காட்டிக் கொடுக்கும். புதுசிலேயே பல சுரங்கள் ஒன்றாக வராவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும்.

கொக்குவிலான்:
பத்துத் துளை. சி என்று போட்டிருக்கிறது. இடப்பக்கம் ம வும் த வும் இல்லை. 2ஆம் துளையில் ஊதினால் வருகிறது, இழுத்தால் காற்று மட்டும். அப்பாவினது நீளமானது, 24 துளை. பாட்டு டி யில், பிள்ளைகள் அதில்தான் பழகியிருக்கிறார்கள். மாமா ரொறன்ரோ.

தென்மராட்சி:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் எண்ணெய்க் கதையே வந்திருக்காது.

கரையோரக் காற்று:
தம்பி, உங்கள் மவுத் ஓர்கனில் பழுது இல்லை. ஆறுதலாக வாசியுங்கள், மூன்று விடயம் ஒன்றோடொன்று சிக்கியிருக்கிறது.

அப்பாவினது ட்ரெமலோ. ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீட், ஒன்றை மற்றதிலிருந்து ஒரு துளி விலக்கிச் சுருதி சேர்த்திருப்பார்கள், அதனால்தான் அலை அடிக்கிற மாதிரிக் கேட்கிறது. அதில் ஒரு துளை ஊதுவதற்கு மட்டும், அடுத்தது இழுப்பதற்கு மட்டும். உங்களுடையது டயற்றோனிக். ஒரே துளையில் ஊதினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம். அதனால் அப்பாவினதில் பழகிய கை இதில் வழி தவறும்.

இனி இல்லாத சுரங்கள். பத்துத் துளையில் இடப்பக்க ம வும் த வும் பிறக்கும்போதே இல்லை. 1 ஊது ச, 1 இழு ரி, 2 ஊது க, 2 இழு ப, 3 ஊதினாலும் அதே ப, 3 இழு நி. ம, த வைத் தேடித் தேடி ரீட் உடைந்துவிட்டதென்று நானும் முதல் வருடம் அழுதிருக்கிறேன். அவற்றை விட்டது ஒரு காரணத்துக்காக. அந்தப் பக்கம் இரண்டு மூன்று துளையைச் சேர்த்து ஊதினால் ச க ப, சேர்த்து இழுத்தால் ப நி ரி, பாட்டுக்கு அடியில் போடும் இரண்டு கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) அப்படியே வந்துவிடும். முழு ஆரோகணம் நடுவில் இருக்கிறது: 4 ஊது ச, 4 இழு ரி, 5 ஊது க, 5 இழு ம, 6 ஊது ப, 6 இழு த, அப்புறம் கவனம், 7இல் முறை மாறும், முதலில் இழுத்து நி, பிறகு ஊதி ச. இந்த 7இல் தடுக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. பாட்டை 4ஆம் துளையிலிருந்து தொடங்குங்கள்.

2 இழுக்கும்போது காற்று மட்டும் வருவது தொடங்குகிற எல்லோருக்கும் வருவது. வாய் ஒடுங்கி, நாக்கு மேலே எழும்பி, பலமாக உறிஞ்சுகிறீர்கள். கொட்டாவி விடுகிற மாதிரித் தொண்டையைத் திறந்து, மூச்சு விடுகிற அளவுக்கு மட்டும் மெதுவாக இழுங்கள். 3ஐ ஊதி அந்தப் ப வைக் காதில் வைத்துக்கொண்டு 2ஐ இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சுரம் என்பதால் வந்ததும் தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் ஒளிவிழாவைக் கெடுக்கக்கூடியது. உங்களிடம் இருப்பது சி, அதாவது ஒரு கட்டை. பாட்டு டி, இரண்டு கட்டை. எவ்வளவு நன்றாக வாசித்தாலும் சேராது.

ஸ்காபரோ வாசி:
ஆம், கட்டை தெரியாமல் வாங்குவதுதான் பெரிய பிழை. மாமாவிடம் டி ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் 14க்குள் பொதி வராது.

கரையோரக் காற்று:
வர வேண்டியதில்லை. பிள்ளைகளை ஒரு கட்டை இறக்கிச் சி யில் பாட வைக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. கிற்றாரில் சி, எஃப், ஜி பிடிக்க எஃப் விரலைக் கொல்லும் என்றால், மூன்றாம் கட்டத்தில் கேப்போவை (கம்பிகளை எல்லாம் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) பூட்டி ஏ, டி, இ பிடியுங்கள். ஒலி சி, எஃப், ஜி ஆக வரும்.

கழுத்துக் கம்பி இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. கையால் பிடிக்கும்போதே 7இல் தடுக்கும், கம்பியில் இருந்தால் உதட்டால் மட்டும் துளையைத் தேட வேண்டும். 14ஆம் திகதி கிற்றாரை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் பிடியுங்கள். பிறகு வாங்கும்போது திருகு உள்ளதாக, இறுக்கினால் அசையாததாகப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலானவை பத்துத் துளைக்கு அளவானவை, அப்பாவின் 24 துளை அதில் நிற்காது.

சுருதிப்பெட்டி:
இவ்வளவு சுற்றி வளைப்பதற்குக் குரோமற்றிக்கில் பொத்தானை அழுத்தினால் காணும். பன்னிரண்டு சுரமும் கையில். டூட்ஸ் தீல்மான்ஸ் குரோமற்றிக்கில் வாசித்ததைக் கேட்டிருக்கிறீர்களா யாராவது?

கரையோரக் காற்று:
கேட்டிருக்கிறேன் ஐயா, அவர் வாசித்தது எனக்கும் உயிர். ஆனால் முதல் கருவியாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். பெரும்பாலானவற்றில் ரீட்களுக்கு மேல் மெல்லிய பிளாஸ்ரிக் வால்வு ஒட்டியிருக்கும். நம் மாரி காலத்தில் மூச்சின் ஈரத்தில் அது ஒட்டிக்கொண்டு பட்பட் என்று அடிக்கும். வாசிக்க முதல் கருவியைக் கைக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். பழகியவருக்கு அது சரி. 16 துளையும் வேண்டாம், 12 துளையில் மூன்று ஸ்தாயி இருக்கிறது.

நான்காம்தந்தி:
மருதனார்மடத்தில் வயலின் படிக்கிறேன். பன்னிரண்டு சுரம் இருந்தால் இசை ஆகிவிடுமா? சுரத்தை அசைக்கும் கமகம் இல்லாமல் தோடி ராகம் எப்படி வரும்? மவுத் ஓர்கன் மேற்கத்தியப் பாட்டுக்கு மட்டும்தான், எந்த வகை வாங்கினாலும்.

ஸ்காபரோ வாசி:
தோடி வரும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் மேற்கத்தியப் பாட்டுக்கு மட்டும் என்பது பிழை. சி மவுத் ஓர்கனின் நடுவில் இருப்பது அப்படியே சங்கராபரணம். அதே கருவியில் 2 இழுவை ச ஆக வைத்தால் ஹரிகாம்போஜி. 4 இழுவை ச ஆக வைத்தால் கரகரப்பிரியா. ச வை இப்படி இடம் மாற்றுவதை நீங்கள் கிரக பேதம் என்று படிக்கிறீர்கள், அதைத்தான் புளூஸ் இசைக்காரர் பொசிசன் என்கிறார்கள். அவர்கள் அதிகம் வாசிப்பது 2 இழுவிலிருந்து, அதாவது ஹரிகாம்போஜியின் சுரங்களை அடித்தளமாக வைத்து.

நான்காம்தந்தி:
சுரம் ஒன்றாக இருந்தால் ராகம் ஆகாது. முதல் பாடமான சரளி வரிசையே மாயாமாளவகௌளை ராகத்தில்தான், அதை உங்கள் பத்துத் துளையில் வாசியுங்கள் பார்ப்போம்.

ஸ்காபரோ வாசி:
வாசிக்கலாம். 4 இழுவை அரைச் சுரம் வளைத்தால் சுத்த ரிஷபம். 6 இழுவை அரைச் சுரம் வளைத்தால் சுத்த தைவதம். மற்றவை அப்படியே இருக்கின்றன. வளைப்பது என்றால் பெண்டிங், நாக்கைப் பின்னுக்கு இறக்கி வாய்க்குள் இடத்தை மாற்றினால் சுரம் கீழே வழுக்கும். கொக்குவிலான் தேடிய ம கூட 2 இழுவை ஒரு முழுச் சுரம் வளைத்தால் வரும், த 3 இழுவில் வரும். ஆனால் மாதக்கணக்கில் பழக வேண்டும்.

நான்காம்தந்தி:
கீழே மட்டும்தானே வழுக்கும்? வயலினில் மேலும் கீழும் போகலாம்.

ஸ்காபரோ வாசி:
வளைத்துத் தொடங்கி, பிறகு வளைவை விட்டால் மேலே ஏறும். எல்லாத் துளையிலும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

தென்மராட்சி:
இருவரும் வேறு இழை தொடங்குங்கள். தம்பி எங்கே போனார்? கரையோரக் காற்று அக்கா, நீங்கள் எத்தனை வைத்திருக்கிறீர்கள்? என் மகளுக்கும் வாங்க யோசிக்கிறேன்.

கரையோரக் காற்று:
ஐந்து வைத்திருக்கிறேன்: ஜி, ஏ, சி, டி, எஃப். கோவிலில் பாடுபவரின் குரலுக்கு ஏற்ப எடுப்பேன். ஜி தான் தடித்த ஒலி, எஃப் கீச்சென்று இருக்கும், அதனால் மகளுக்கு எஃப் வேண்டாம். நடுவில் நிற்கும் சி யில் தொடங்கட்டும், பாடங்களும் பெரும்பாலும் சி யில்தான் கிடைக்கும். இன்னொன்று, மரச் சீப்பு உள்ளதைத் தவிருங்கள். நான் முதலில் வாங்கியது மரம். ஒரு மாரியில் ஈரம் குடித்துப் பருத்து, பல் பல்லாக வெளியே துருத்தி என் கீழுதட்டை வெட்டியது. ஒலி இனிமை என்று சொல்லி விற்றார்கள். இப்போது ஐந்தும் பிளாஸ்ரிக்.

மற்றச் சாமான்களில் மூடிய பெட்டி, மெல்லிய பருத்தித் துணி, மூடித்தகடு கழற்ற அளவான சின்னத் திருப்புளி, இவ்வளவும் காணும். கழுவும் பொடி, தெளிக்கும் மருந்து ஒன்றும் வாங்காதீர்கள். வாசிக்க முதல் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், பிளேன்ரீயும் பனங்கட்டியும் சாப்பிட்ட வாயோடு ஊதினால்தான் ரீட் ஒட்டும். மேடைக்கென்று தனி ஒலிவாங்கியும் தேவையில்லை. பாடுபவரின் ஒலிவாங்கியை நான்கு விரல் தள்ளிப் பிடித்தால் சரி.

மானிப்பாயன்:
கஸ்தூரியார் வீதிப் பக்கம் கேட்டுப் பார்த்தேன். ஒரு கடையில் சி மட்டும் இருக்கிறது, டி இல்லை. பிளாஸ்ரிக் சீப்புத்தான், கையில் எடுத்துப் பார்த்தேன். தென்மராட்சி ஐயா, வேண்டுமென்றால் கடை எதுவென்று தனியாகச் சொல்கிறேன்.

சுருதிப்பெட்டி:
மகளுக்குச் சி வாங்குவது சரிதான். இரண்டு வருடத்தில் குரோமற்றிக்குக்கு வருவாள், அப்போது கேளுங்கள்.

கொக்குவிலான்:
4இலிருந்து தொடங்கினேன், வந்தது. கேப்போ 3இல், கிற்றார் தம்பி வாசித்தான். பிள்ளைகள் சி யில் பாடினார்கள். 7இல் இரண்டு இடத்தில் தடுக்கினேன், பாட்டு நிற்கவில்லை. 2 இழு இப்போது வருகிறது, சத்தம் குறைவு. மாமாவிடம் டி கேட்டிருக்கிறேன். நன்றி அக்கா, நன்றி எல்லோருக்கும்.

கரையோரக் காற்று:
கேட்கவே சந்தோசமாக இருக்கிறது தம்பி. 2 இழுவுக்குச் சத்தம் தானாக வரும், பலம் கொடுக்காதீர்கள். வாசித்து முடிந்ததும் துளை கீழே பார்க்க உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி, ஈரம் உலர்ந்த பிறகு பெட்டியை மூடுங்கள். மாரி இன்னும் முடியவில்லை.