ஸ்ரீதர் படங்கள்: எங்கே பார்த்தீர்கள், எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்?

பழைய பேனா, செங்கல்பட்டு

இயக்குநர் ஸ்ரீதர் என்றாலே ‘முக்கோணக் காதல்’ என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. மனிதர் முதலில் எழுத்தாளர். அவர் எழுதிய ‘ரத்தபாசம்’ நாடகத்தை டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினார்கள். 1954இல் அது படமாகவும் வந்தது. அப்போது அவருக்கு இருபது, இருபத்தொன்று வயதுதான். பிறகு ‘எதிர்பாராதது’, ‘அமரதீபம்’, ‘உத்தமபுத்திரன்’ என்று மற்றவர்கள் இயக்கிய படங்களுக்கு எழுதினார். 1959இல்தான் ‘கல்யாண பரிசு’ மூலம் இயக்குநர் நாற்காலிக்கு வருகிறார்.

அந்தக் காலத்து வசனம் எப்படி இருக்கும் என்று தெரியுமே. அடுக்குமொழி, ஒரே மூச்சில் ஒரு பக்கம். இவர் படத்து ஆட்கள் வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார்கள். பேச வேண்டியதைப் பேசிவிட்டு நிறுத்தினார்கள். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஒலிச்சித்திரமாகத்தான் அவர் படங்கள் எனக்கு அறிமுகம். படம் தெரியாமலே கதை முழுக்கப் புரிந்தது. யார் முகம் வாடியது என்பதுகூடப் பேச்சின் இடைவெளியில் தெரிந்துவிடும்.

கதைச் சுருக்கம் வேண்டாம் நண்பர்களே. நீங்கள் பார்த்த இடத்தையும், உங்களைப் பிடித்து நிறுத்திய காட்சியையும் மட்டும் எழுதுங்கள்.

ஆபரேட்டர், தேனிப் பக்கம்

டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டியவன் நான். எங்கள் கொட்டகையில் ஒரே புரொஜக்டர்தான். ரீல் மாற்றுகிற நேரமெல்லாம் லைட் போட வேண்டும், முறுக்கு விற்பவன் உள்ளே வருவான், சத்தம் காதைப் பிளக்கும். ‘கல்யாண பரிசு’ புதுப்படமாக வந்தபோது நான் சின்னப்பயல். நான் ஓட்டியது பல வருஷம் கழித்து, கீறல் விழுந்த பிரிண்ட்டை.

தங்கவேலு ‘மன்னார் அண்ட் கம்பெனி’யில் வேலை என்று பெண்டாட்டியிடம் அளக்கும் ரீல்களில் புரொஜக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சியைக்கூட நிம்மதியாகச் சரிசெய்யலாம். சிரிப்புச் சத்தத்தில் திரை மங்கினாலும் யாரும் விசில் அடிக்க மாட்டார்கள். எழுத்தாளர் பைரவன் நான்தான் என்று அவர் மாட்டிக்கொள்கிற இடத்தில் மண் தரையில் உருண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலைவெட்டி இல்லாதவனை எங்கள் ஊரில் இன்றைக்கும் ‘மன்னார் அண்ட் கம்பெனியா?’ என்றுதான் கேட்பார்கள்.

கடைசி ரீல் வேறு கதை. ஜெமினி கைக்குழந்தையோடு வருகிறார், சரோஜாதேவிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. குழந்தையைப் பரிசாகக் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பிக்கிறார். அவ்வளவுதான். அங்கே நீளமாக ஒரு வசனம் வைத்திருந்தால் எங்கள் ஆட்கள் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். வைக்கவில்லை. படம் முடிந்து லைட் போட்டால் பெண்கள் பகுதியில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிழிக்க வேண்டிய முதலாளி வாசலில் நின்று கத்துவார்.

நைட் டியூட்டி

நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) எனக்குச் சொந்தப் படம் மாதிரி. தூர்தர்ஷனில் முதலில் பார்த்தேன், ஹாஸ்டலில் ஐம்பது பெண்கள் ஒரு டிவி முன்னால்.

புற்றுநோயாளி முத்துராமன், மனைவி தேவிகா, ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் கல்யாண்குமார் அவளுடைய பழைய காதலர். கதை கிட்டத்தட்ட முழுவதும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. ஒரே செட், ஒரு மாதத்துக்கும் குறைவான நாளில் படப்பிடிப்பு. இதை எல்லோரும் சிக்கனம் என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அது சிக்கனமாகத் தெரியவில்லை. வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: நோயாளியோடு இருப்பவருக்கு வெளி உலகம் என்று ஒன்று கிடையாது. காரிடார், கட்டில், டாக்டர் வரும் நேரம், அவ்வளவுதான் உலகம். அதை அவர் பேப்பரிலேயே எழுதிவிட்டார் என்று நினைக்கிறேன்.

தான் இறந்துவிட்டால் அந்த டாக்டரையே மறுமணம் செய்துகொள் என்று முத்துராமன் சொன்ன பிறகு வருகிற பாட்டு ‘சொன்னது நீதானா’. கண்ணதாசன் வரிகள், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, சுசீலா குரல். வின்சென்ட்டின் கேமரா கட்டிலுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வருகிறது. ஏதோ வித்தை காட்டுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்க்கையில் வேறு மாதிரி பட்டது. கணவன் மனைவி இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கட்டில்தானே கிடக்கிறது?

குறையும் உண்டு. கடைசியில் டாக்டரைச் சாகடித்திருக்க வேண்டியதில்லை. நோயாளி பிழைத்தால் யாராவது சாக வேண்டும் என்று சட்டமா? எங்கள் ஹாஸ்டலில் அன்றைக்கு இரவு இதே சண்டைதான்.

கட் பேஸ்ட், சென்னை

நான் எடிட்டிங் ஆள், வயதிலும் இங்கே கடைக்குட்டி. ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை மீம் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் மடிக்கணினியில் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

கவனித்த விஷயம் இது. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ முதலாளி செல்லப்பாவாக வரும் நாகேஷ் சொல்வது கதையே இல்லை. இருட்டு, காடு, விதவிதமான சத்தம், ஆள் யார் என்றே சொல்வதில்லை. கதையாக ஒன்றும் நகரவில்லை, ஆனால் பயம் ஏறிக்கொண்டே போகிறது. நாகேஷ் சொல்லிமுடிக்கும் முன்பே பாலையா பயந்துவிடுகிறார், நமக்குச் சிரிப்பு வருவது அவர் முகத்தைப் பார்த்துத்தான். எடிட்டராகச் சொல்கிறேன், எங்கே வெட்டினாலும் உயரம் குறையும். கேட்பவன் முகத்துக்காக எழுதப்பட்ட காட்சி அது. இந்தப் படத்தின் எழுத்தில் ஸ்ரீதரின் பள்ளித் தோழர் சித்ராலயா கோபுவுக்கும் பெரிய பங்கு உண்டு, அவர் பெயரை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

ஒப்பிட ஆசைப்படுபவர்கள் ஸ்ரீதரே இந்தியில் எடுத்த ‘ப்யார் கியே ஜா’வைப் பாருங்கள். அங்கே மெஹ்மூத் சொல்ல, ஓம் பிரகாஷ் கேட்கிறார். அங்கேயும் வேலை செய்கிறது. ஆனாலும் பாலையாவின் அந்த முழி அங்கே இல்லை. நம்ம ஆள் என்கிற பாசமாகவும் இருக்கலாம், சரி விடுங்கள்.

பெஞ்ச் டிக்கெட்

எல்லோரும் அறுபதுகளின் முதல் பாதியிலேயே நிற்கிறீர்களே. மதுரையில் ‘சிவந்த மண்’ (1969) பார்த்த கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். வெளிநாட்டுக் காட்சிகள், ‘பட்டத்து ராணி’ பாட்டுக்குச் சாட்டை சொடுக்கும்போது தியேட்டரே சேர்ந்து சொடுக்கியது. அப்புறம் எம்.ஜி.ஆரோடு ‘உரிமைக்குரல்’ (1974). சிவாஜிக்கும் எடுத்து, எம்.ஜி.ஆருக்கும் எடுத்து, இரண்டு பக்க ரசிகர்களிடமும் திட்டு வாங்காமல் தப்பித்த ஆள் அவர். அது சின்ன விஷயமா?

பழைய பேனா, செங்கல்பட்டு

பெஞ்ச் டிக்கெட் அண்ணே, கூட்டம் வந்ததை யார் மறுத்தார்கள்? ‘சிவந்த மண்’ணில் எனக்கு ஞாபகம் இருப்பது சாட்டையும் செட்டும்தான். ஒரு பேச்சும் ஞாபகம் இல்லை. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பெரிய நட்சத்திரம் இல்லாமலே நின்றது. ‘வெண்ணிற ஆடை’யில் (1965) ஜெயலலிதா, நிர்மலா, ஸ்ரீகாந்த், மூர்த்தி எல்லோரும் புதுமுகங்கள். அதற்கு ‘ஏ’ சான்றிதழ் வேறு. ‘நெஞ்சிருக்கும் வரை’யில் (1967) சிவாஜியையே மேக்கப் இல்லாமல் நடிக்க வைத்தார். கதையை நம்பியதால் வந்த தைரியம் அது. பெரிய நாயகனுக்குப் பின்னால் போனபோது அந்த நம்பிக்கை கொஞ்சம் கழன்றுகொண்டது என்பது என் கட்சி.

ஆனால் 1978இல் ‘இளமை ஊஞ்சலாடுகிறது’ வருகிறது பாருங்கள். கமல், ரஜினி, ஸ்ரீபிரியா, ஜெயசித்ரா, இளையராஜா. எழுத வந்து கால் நூற்றாண்டு ஆன மனிதர், மறுபடி நாலே பேரை வைத்து யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது என்று எழுதுகிறார். புதுப் பசங்களோடு போட்டி போட்டு ஓடிய படம்.

‘கலைக்கோவில்’ பற்றி யாருமே எழுதவில்லை. ‘காதலிக்க நேரமில்லை’ வந்த அதே 1964இல் ஒரு வீணைக் கலைஞர் கதை, சிட்டிபாபு வாசிப்பு. படம் ஓடவில்லை. தியேட்டரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், தனியாகவே பேசலாம்.

ஆபரேட்டர், தேனிப் பக்கம்

எங்கள் கொட்டகைக்கு அது வந்ததே இல்லை தம்பி. வீணைப் படம் என்றதும் முதலாளி பெட்டியே எடுக்கவில்லை.