ஒரே விலையில் ஓஎல்இடி லேப்டாப்பா, நல்ல ஐபிஎஸ் லேப்டாப்பா? தினசரி வேலைக்கு எது?

அல்லி:
ஒரே விலையில் ரெண்டு மாடல் கிடைக்குது.
அ) 15.6 இன்ச் ஓஎல்இடி, 1920×1080, 60 ஹெர்ட்ஸ், 8 ஜிபி ரேம் போர்டிலேயே, கூடவே ஒரு காலி ஸ்லாட், 50 வாட்-ஹவர் பேட்டரி.
ஆ) 14 இன்ச் ஐபிஎஸ், 1920×1200, 300 நிட்ஸ் வெளிச்சம், 100% எஸ்ஆர்ஜிபி நிறம், 16 ஜிபி ரேம் டூயல் சேனல் (ரெண்டு பாதையில் ஓடுறது), 57 வாட்-ஹவர்.
ரெண்டிலும் இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ், 512 ஜிபி எஸ்எஸ்டி. பகல் முழுக்க வேர்டு, எக்செல், பிரவுசரில் இருபது டேப். ராத்திரியில் படம். அஞ்சு வருஷம் ஓடணும். கேம் கிடையாது. எதை எடுக்கலாம்?

கருந்திரை:
யோசிக்கவே வேண்டாம், அ. ஐபிஎஸ்ங்கிறது பின்னால ஒரு விளக்கு (பேக்லைட்) எரியிற எல்சிடி திரை. அதில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், பொதுவா 1000:1ல இருந்து 1500:1 வரைக்கும்தான். இருட்டு அறையில் படம் பார்த்தா கறுப்பு சாம்பலா வெளுத்துத் தெரியும், மூலையில் பேக்லைட் கசியும். ஓஎல்இடியில் பேக்லைட்டே கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் (திரைப் புள்ளி) தானே எரியும், கறுப்பு வர வேண்டிய பிக்சல் அணைஞ்சுடும். விலை குறைஞ்ச ஐபிஎஸ் பல மில்லிசெகண்ட் எடுத்து நிறம் மாறுது, அதனால பக்கத்தை வேகமா உருட்டினா எழுத்துக்குப் பின்னால நிழல் இழுக்கும். ஓஎல்இடி ஒரு மில்லிசெகண்டுக்குள்ள மாறிடும். ரேம் பின்னாடி போட்டுக்கலாம். ஸ்க்ரீனை யாரும் பின்னாடி மாத்தறதில்லை.

பேட்டரிபாண்டி:
கருந்திரை சொல்ற வெளுத்துப்போன ஐபிஎஸ், 250 நிட்ஸ், 45% என்டிஎஸ்சி, அதாவது நிறம் குறைவாக் காட்டுற ரகம். அதோட ஒப்பிட்டா எந்த ஓஎல்இடியும் ஜெயிக்கும். ஆனா அல்லி கேட்டிருக்கிற ஆ, 100% எஸ்ஆர்ஜிபி. இணையத்தில் இருக்கிற பெரும்பாலான படங்களும் பக்கங்களும் எஸ்ஆர்ஜிபிங்கிற நிறப்பரப்புக்காக செஞ்சவைதான், அந்த நிறம் அதில் ஒழுங்கா வந்துடும்.

இப்ப கரண்ட் கணக்குக்கு வாங்க. ஐபிஎஸ்ல பேக்லைட் இழுக்கிறது திரையில் என்ன இருந்தாலும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஓஎல்இடியில் எரியிற பிக்சலுக்கு ஏத்த மாதிரி ஏறும். படத்துல பாதி காட்சி இருட்டு, அங்கே அது சிக்கனம். வேர்டும் எக்செல்லும் வெள்ளைக் காடு, எல்லா பிக்சலும் எரியணும். அங்கே ஐபிஎஸ் மிச்சம் பிடிக்கும். மொத்த லேப்டாப்பும் 7 வாட் இழுத்தா 57 வாட்-ஹவர் எட்டு மணி நேரத்தைத் தொடும். வெள்ளைப் பக்கத்துக்காக 9 வாட் இழுத்தா 50 வாட்-ஹவர் அஞ்சரை மணி நேரத்தில் காலி. பகல் முழுக்க டாக்குமெண்ட்னு அவரே எழுதியிருக்கார்.

கருந்திரை:
டார்க் மோடுன்னு ஒண்ணு இருக்கு. வேர்டுல பக்கத்தையே கறுப்பாக்கலாம். வீட்டுக்குள்ள 120, 150 நிட்ஸே தாராளம், அந்த வெளிச்சத்தில் வித்தியாசம் ஓரிரு வாட்தான். உங்க 9 வாட் கணக்கு பிரைட்னஸை ஏத்தி வெச்சுப் போட்டது.

பேட்டரிபாண்டி:
எக்செல்லில் நாலு நிறம் பூசின ஷீட்டை டார்க் மோடில் படிச்சுப் பாருங்க. அப்புறம், ஓரிரு வாட்னா 7 வாட்டில் அது கால் பங்கு. சின்ன விஷயமா?

நுண்துடிப்பு:
பேட்டரியை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. பிரைட்னஸைக் குறைக்கும்போது ஓஎல்இடி எப்படிக் குறைக்குதுங்கிறது. 60 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி லேப்டாப்கள் பலவற்றில் ஒரு அளவுக்குக் கீழே போனதும் பிடபிள்யூஎம் ஆரம்பிக்கும். அதாவது பிக்சலை மங்கலா எரிக்காம, வேகமா அணைச்சு அணைச்சு ஏத்துறது. விலை குறைஞ்ச பேனல்களில் அடிக்கடி பார்க்கிற வேகம் 240 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 240 தடவை. கண்ணுக்கு நேரடியாத் தெரியாது. ஆனா சிலருக்குக் கண் எரிச்சல், தலைவலி வரும். பலருக்கு ஒண்ணுமே ஆகாது.

இது வெறும் பீதி இல்லை. எல்இடி விளக்குகளுக்காக 2015ல் வந்த ஐஇஇஇ (மின்பொறியாளர் சங்கம்) 1789 பரிந்துரையில் ஒரு கணக்கு இருக்கு: 90 ஹெர்ட்ஸுக்கு மேல், வெளிச்சம் ஏறி இறங்குற சதவீதம் அதிர்வெண்ணை 0.08ஆல் பெருக்கினதுக்குள்ள இருந்தா ஆபத்து குறைவு. 240க்கு அது சுமார் 19% வரும். முழுசா அணைஞ்சு எரியிற திரையில் ஏற்ற இறக்கம் 100%. அதுக்கு 1250 ஹெர்ட்ஸாவது வேணும். கருந்திரை சொன்ன 120 நிட்ஸ் இருக்கே, பிடபிள்யூஎம் முழு வீச்சில் ஓடுறது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

சோதிக்கிறது சுலபம். திரையில் வெள்ளைப் பக்கம் திறந்து வையுங்க. ஃபோன் கேமராவில் ப்ரோ மோடு, ஷட்டர் 1/2000, கொஞ்சம் கிட்டப் போய் எடுங்க. பிரைட்னஸ் 100%, 60%, 30% மூணிலும். முழு பிரைட்னஸிலேயே மெல்லிசா ஒரு கோடு வந்தா பயப்பட வேண்டாம், அது திரை புதுப்பிக்கிறதோட தடம். குறைக்கக் குறைக்க அகலமான கறுப்புப் பட்டைகள் வரிசையா வந்தா அதுதான் பிடபிள்யூஎம்.

கருந்திரை:
அதுக்கும் வழி இருக்கே. பிரைட்னஸை மேலேயே வெச்சுட்டு, சாஃப்ட்வேரில் படத்தை மட்டும் மங்கலாக்கலாம். சில கம்பெனிகள் தங்கள் ஆப்பிலேயே ஃப்ளிக்கர் இல்லாத டிம்மிங்னு இதைத் தர்றாங்க. ஐபிஎஸ்ல இப்படி செஞ்சா பேக்லைட் வீணா எரியும். ஓஎல்இடியில் பிக்சலே குறைவா எரியிறதால கரண்டும் வீணாகாது.

நுண்துடிப்பு:
சரிதான், நல்ல வழி. ஆனா இலவசம் இல்லை. 256 படியில் மேல் படிகளை வெட்டிட்டு மிச்சத்தில் எல்லா நிறத்தையும் அடைக்கிறீங்க. இருட்டுக் காட்சிகளில் சாம்பல் நிழல்கள் படிப்படியாத் தெரியும். வேர்டுக்குப் பரவாயில்லை, ராத்திரி படம் பார்க்கும்போது அணைச்சுடணும்.

பேட்டரிபாண்டி:
ஆக, பகலுக்கு ஒரு செட்டிங், ராத்திரிக்கு ஒரு செட்டிங், எக்செல்லுக்கு இன்னொண்ணு. இந்த லட்சணத்தில் பர்ன்-இன், அதாவது அசையாத படத்தின் தடம் திரையில் நிரந்தரமாப் பதியிறது, அதைப் பத்தி யாரும் வாயே திறக்கலை. டாஸ்க்பாரும் எக்செல் ரிப்பனும் தினமும் பல மணி நேரம் அதே இடத்தில். ஓஎல்இடியில் பிக்சல் எரிய எரியத் தேயும், நீலம் மத்ததை விட சீக்கிரம் தேயும். நாலாவது வருஷம் படம் ஓடும்போது கீழே டாஸ்க்பாரின் தடம் தெரிஞ்சா என்ன செய்வீங்க?

கருந்திரை:
தேயும்தான், ஆனா எவ்வளவு பிரகாசமா எரிக்கிறோமோ அதைப் பொறுத்து. பிரகாசத்தை ரெண்டு மடங்காக்கினா ஆயுள் பாதிக்கும் கீழே போகும். அதனால அரை வெளிச்சத்தில் ஓட்டுறவங்களுக்கு ஆபத்து வெகுவாக் குறையும். டாஸ்க்பாரைத் தானா மறையிற மாதிரி வையுங்க. எக்செல் ரிப்பனை கன்ட்ரோல்+எஃப்1 அழுத்தி மடக்குங்க. மூணு நிமிஷம் தொடலைன்னா திரை அணையட்டும். பிக்சல் ஷிஃப்ட் இருந்தா அணைக்காதீங்க, படம் ஓரிரு பிக்சல் நகர்றது கண்ணுக்கே தெரியாது. இதுக்கு மேல என்ன வேணும்?

பேட்டரிபாண்டி:
கொஞ்சம் முன்னாடி பிடபிள்யூஎம்முக்கு பிரைட்னஸை மேலே வைக்கச் சொன்னீங்க.

நுண்துடிப்பு:
இல்லை பாண்டி, அந்த இடத்தில் கருந்திரை பக்கம்தான் சரி. சாஃப்ட்வேரில் மங்கலாக்கினா ஒவ்வொரு பிக்சலும் எரியிற அளவே குறையுது, தேய்மானமும் கூடவே குறையும். பிரைட்னஸ் ஸ்லைடர் எங்க நிக்குதுங்கிறது இதில் கணக்கே இல்லை.

எழுத்தாணி:
எல்லாரும் படத்தையே பேசுறீங்க. பகல் முழுக்க எழுத்து பார்க்கிறவருக்கு முதல் கேள்வி எழுத்து எவ்வளவு கூர்மைங்கிறது. 15.6 இன்ச்சில் 1920×1080 வந்தா இன்ச்சுக்கு 141 பிக்சல். 14 இன்ச்சில் 1920×1200 வந்தா 162. அதோட, ஐபிஎஸ்ல சிவப்பு, பச்சை, நீலம் வரிசையா நேர்க்கோடு போல நிக்கும். விண்டோஸின் கிளியர்டைப் அதை நம்பித்தான் எழுத்தை வழுவழுப்பாக்குது. பல ஓஎல்இடி பேனல்களில் அந்த அடுக்கு வேற மாதிரி. அதனால கறுப்பு எழுத்தின் ஓரத்தில் மெல்லிசா நிறம் ஒட்டும். 2880×1800 மாதிரி அடர்த்தியான திரையில் இது காணாமப் போயிடும். 141ல் கூர்ந்து பார்த்தா தெரியும்.

தமிழ் தட்டச்சு செய்யிறவங்களுக்கு இன்னும் கண்கூடு. 100% ஸ்கேலிங்கில் (விண்டோஸ் எதையும் பெரிசாக்காம) சின்ன ஃபான்டில் 'ஞ', 'ணை' எழுதிப் பாருங்க, சுழி அடைஞ்சு நிக்கும். மெய்யெழுத்துக்கு மேல இருக்கிற புள்ளி எழுத்தோட ஒட்டிக்கும். ஸ்கேலிங்கை 125% ஆக்கிட்டு, தேடல் பெட்டியில் கிளியர்டைப்னு தேடி அந்தச் சரிசெய்யும் கருவியை ஒரு தரம் ஓட்டினா பாதி சரியாகும். ஆனா அந்த 125%ல், அகலமான எக்செல் ஷீட்டில் நெடுவரிசைகள் குறைவாத்தான் தெரியும்.

டச் ஸ்க்ரீன் ஓஎல்இடி பக்கம் போகாதீங்க. வெள்ளைப் பின்னணியில் சல்லடைக் கம்பி மாதிரி ஒரு பின்னல் தெரிய வாய்ப்பு இருக்கு.

அல்லி:
நன்றி. ரேம் பின்னாடி போட்டுக்கலாம்னு சொன்னாரே, 8 ஜிபியோட ஆரம்பிச்சா என்ன குறையும்?

பேட்டரிபாண்டி:
இருபது டேப்புக்கு 8 ஜிபி மூச்சு முட்டும், விண்டோஸ் எஸ்எஸ்டியில் இறக்கி ஏத்திட்டே இருக்கும். இன்னொண்ணு, ஐரிஸ் எக்ஸ்இ டூயல் சேனல் ரேம் இருந்தாத்தான் அந்தப் பேரோட வேலை செய்யும். ஒத்தைச் சேனலில் விண்டோஸ் அதை அதுக்குக் கீழ் ரகமான யுஎச்டி கிராஃபிக்ஸ்னே காட்டும், வேகமும் குறையும். அதனால அ வாங்கினா இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் முதல் நாளே வாங்கணும். அந்தக் காசையும் சேர்த்தா ஒரே விலைங்கிற பேச்சே அடிபட்டுப் போகுது.

கருந்திரை:
ஸ்டிக் விலை ஒரு விலையா! வாங்கும்போது அதே ரகமா பாருங்க: போர்டில் டிடிஆர்4-3200 இருந்தா ஸ்டிக்கும் அதே, லேப்டாப்புக்கான சோ-டிம் அளவில். எல்பிடிடிஆர்னு (போர்டிலேயே ஒட்டி வர்ற ரகம்) போட்டிருந்தா ஸ்லாட் இருக்கிறதே சந்தேகம், கடைக்காரர் பேச்சை நம்பாம கம்பெனியின் மாடல் பக்கத்தில் பாருங்க.

நுண்துடிப்பு:
அ எடுத்தா, திருப்பித் தர்ற காலம் முடியறதுக்குள்ள செய்ய வேண்டியது: நான் சொன்ன கேமரா சோதனை. அடுத்து இருட்டு அறையில் 5% சாம்பல் படத்தை முழுத்திரையில் வெச்சு, திட்டுத்திட்டா அல்லது பச்சை, ரோஜா சாயல் வருதான்னு பாருங்க. நிறம் கண்ணைப் பறிச்சா பேனல் பழுதில்லை, பி3ங்கிற அகலமான நிறப்பரப்பில் எஸ்ஆர்ஜிபி படம் அதிகமாப் பொங்குது. கம்பெனி ஆப்பில் எஸ்ஆர்ஜிபி மோடு போடுங்க. வாரண்டி தாளில் பர்ன்-இன் சேர்த்தி இருக்கா விலக்கா, அதையும் படிங்க. கடைசியா, உங்க பகல் வேலையை அதிலேயே நாலு நாள் குறைஞ்ச பிரைட்னஸில் செய்யுங்க. கண் சொல்லிடும். கண் உறுத்தினா ஆ.

எழுத்தாணி:
ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ற மேஜைன்னா அதையும் யோசிங்க. ஓஎல்இடி கிட்டத்தட்ட எல்லாமே பளபளப்புக் கண்ணாடி. டார்க் மோடில் வேர்டு திறந்தா உங்க முகம்தான் தெரியும்.

அல்லி:
ஜன்னல் பின்னாடிதான். கடைப் பட்டியலில் அ மாடலுக்கே ஒரு இடத்தில் 42 வாட்-ஹவர், இன்னொரு இடத்தில் 50னு இருக்கு. எது சரி?

பேட்டரிபாண்டி:
ரெண்டும் சரியா இருக்கலாம். ஒரே பேரில் ரெண்டு பேட்டரி, ரெண்டு பேனல், ரெண்டு விதமான ரேம்னு விடுவாங்க. பெயரைப் பார்க்காதீங்க, பெட்டியின் பக்கவாட்டு லேபிளில் இருக்கிற முழு மாடல் எண்ணைப் பாருங்க. அதில் 42 வந்தா என் அஞ்சரை மணி நேரக் கணக்கையும் நாலேமுக்கால்னு திருத்திக்குங்க.